உழைக்கும் கைகளில் தோன்றும் மருக்கள்

(நமது ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில், மருத்துவ உதவிக் குழுவின் சார்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

     

நீரிழிவு, இரத்த அழுத்தம், கண்புரை போன்ற நோய்களைப் பற்றி இம்மேடையில் பலமுறை பேசப்பட்டிருக்கிறது. இவ்வாண்டு நாம் எடுத்துக்கொண்டிருக்கும் பொருள், கேட்பதற்கு மிகச் சிறியதாகத் தோன்றும். கையிலும் விரல்களிலும் உண்டாகும் மருவைப் பற்றியே பேசப்போகிறோம். "மருவுக்கெல்லாம் ஓர் உரையா?" என்று சிலர் எண்ணக்கூடும். மருவினால் உயிருக்குத் தீங்கு நேர்வதில்லை என்பது மெய்தான். ஆனால், அந்தச் சிறு மருவை மறைப்பதற்காக நம் சகோதரர்கள் படும் பாடும், அதை அகற்றுவதாக எண்ணித் தம் விரல்களுக்கு அவர்களே செய்துகொள்ளும் கேடும் சிறியவை அல்ல. கையை நம்பிப் பிழைக்கும் ஒருவருக்குக் கையில் வரும் எந்த நோயும் சிறிய நோய் ஆகாது.

நம் மஹல்லாவில் இறைச்சித் தொழிலையும் அதைச் சார்ந்த தொழில்களையும் நம்பி வாழும் குடும்பங்கள் பல உள்ளன என்பது அனைவரும் அறிந்ததே. ஆட்டுத்தொட்டியில் அறுப்போர், தோல் உரிப்போர், கறிக்கடையில் வெட்டிக் கொடுப்போர், கோழிக்கடையில் நாள் முழுவதும் நிற்கும் இளைஞர்கள், மீன் வெட்டித் தருவோர், வீட்டில் அமர்ந்து குடலும் தலைக்காலும் சுத்தம் செய்து கொடுக்கும் பெண்கள் என இவர்கள் அனைவருக்கும் பொதுவானது ஒன்று உண்டு. இவர்களுடைய கைகள் காலை முதல் மாலை வரை ஈரத்திலேயே இருக்கின்றன. அந்த ஈரத்தில்தான் நாம் பேசவிருக்கும் நோய் தொடங்குகிறது.

மரு என்பது யாது?

நம் மக்கள் "மரு" என்னும் ஒரே சொல்லால் பலவற்றைக் குறிக்கிறார்கள். கழுத்திலும் அக்குளிலும் காம்புடன் தொங்கும் மென்மையான சதை வளர்ச்சி கிருமியால் வருவதன்று. அது பிறருக்குத் தொற்றாது. மச்சமும் தொற்றாது. இங்கு நாம் சொல்வது, விரல்களிலும் புறங்கையிலும் நகத்தைச் சுற்றியும் சொரசொரப்பாக, பூக்கோசின் மேற்புறம் போல் தடித்து வளரும் மருவை. இதைச் சிலர் பாலுண்ணி என்றும் அழைப்பர். உள்ளங்காலில் வந்தால் அழுத்தத்தால் உள்நோக்கிப் பதிந்து, கால் ஆணி போலவே வலிக்கும். கூர்ந்து பார்த்தால் சில மருக்களில் சிறு கரும்புள்ளிகள் தெரியும். அவை வேர்கள் என்று பலர் கருதுகின்றனர். உண்மையில் அவை இரத்தம் உறைந்த நுண்ணிய இரத்தக் குழாய்கள். மருவுக்கு வேர் கிடையாது. ஆகவே, "வேரோடு பிடுங்குகிறேன்" என்று ஊசியால் தோண்டுவது வீண் வேதனையே.

இம்மருவை உண்டாக்குவது ஒரு வைரஸ். 1907-ஆம் ஆண்டில் இத்தாலிய மருத்துவர் ஜுசெப்பே சியூஃபோ என்பவர், மருவை அரைத்து, பாக்டீரியா புக முடியாத நுண்ணிய வடிகட்டியில் வடித்து, அந்த வடிநீரைத் தம் கையிலேயே செலுத்திக்கொண்டார். சில மாதங்களில் அவ்விடத்தில் மரு தோன்றியது. வைரஸே மருவுக்குக் காரணம் என்பது அவ்வாறு தெளிவாயிற்று. இன்று அவ்வைரஸ் குடும்பத்திற்கு ஹியூமன் பாப்பிலோமா வைரஸ், சுருக்கமாக எச்.பி.வி., என்று பெயர். அதில் 200-க்கும் மேற்பட்ட வகைகள் கண்டறியப்பட்டுள்ளன.

இறைச்சித் தொழிலுக்கும் மருவுக்கும் உள்ள தொடர்பு

இறைச்சி வெட்டுவோரின் கைகளில் மரு மிகுதியாகக் காணப்படுவதை ஐரோப்பிய மருத்துவர்கள் நெடுங்காலமாகக் கவனித்து வந்தனர். "கசாப்புக்காரர் மரு" என்றே அதற்குப் பெயரும் வைத்தனர். 1981-ஆம் ஆண்டில் பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தைச் சேர்ந்த ஜெரார் ஓர்த் என்பாரும், வார்சா நகரின் தோல்நோய் அறிஞர் ஸ்டெஃபானியா யப்லோன்ஸ்கா என்பாரும், அவர்தம் குழுவினரும் இம்மருக்களை ஆராய்ந்து ஒரு முடிவை வெளியிட்டனர். பிற மக்களின் கைமருக்களில் அரிதாகவே காணப்படும் 7-ஆம் வகை எச்.பி.வி., இறைச்சி வெட்டுவோரின் மருக்களில் அடிக்கடி காணப்பட்டது. எல்லா மக்களுக்கும் பொதுவாக வரும் 2-ஆம் வகை போன்றவையும் அவர்களிடம் இருந்தன. பின்னர் நடந்த ஆய்வுகள், கோழி இறைச்சி ஆலைகளில் உழைப்போரிடமும் மீன் கையாள்வோரிடமும் மரு மிகுந்திருப்பதை எடுத்துக்காட்டின.

இச்செய்தியைக் கேட்டவுடன் நம் உள்ளத்தில் எழும் முதல் எண்ணம், "அப்படியானால் ஆட்டிலிருந்து மனிதனுக்கு வருகிறது போலும்" என்பதே. இங்கேதான் நாம் நிதானிக்க வேண்டும். 7-ஆம் வகை மனிதரின் வைரஸ். ஆடு மாடுகளின் வைரஸ் அன்று. மாடுகளுக்கும் மரு வருவதுண்டு. ஆனால் அதை உண்டாக்கும் வைரஸ் வேறு. கசாப்புக்காரர்களின் மருக்களை ஆராய்ந்தபோது அவற்றில் இருந்தவை மனித வைரஸ்களே. ஆகவே ஆடு மருவைத் தரவில்லை, கறியும் தரவில்லை. கறியை உண்பவருக்கு அதனால் மரு வருவதும் இல்லை.

பின்னர் எங்கிருந்து வருகிறது? ஒரு கையிலிருந்து மறு கைக்கு வருகிறது. இதைப் புரிந்துகொள்ளத் தோலின் அமைப்பை அறிதல் வேண்டும். முழுமையாக உள்ள தோலைத் துளைத்துக்கொண்டு உட்புக இவ்வைரஸால் இயலாது. அதற்கு ஒரு சிறு கீறலாவது தேவை. இறைச்சி வெட்டும் கையில் கீறலுக்குக் குறைவே இல்லை. எலும்புச் சில்லு குத்துகிறது. கத்தி முனை உரசுகிறது. மீனின் செதிலும் முள்ளும் கீறுகின்றன. அதோடு மணிக்கணக்கில் நீரிலும் இரத்தத்திலும் ஊறிய தோல் வெளுத்து மென்மையாகி, தன் காவல் தன்மையை இழந்துவிடுகிறது. அந்நிலையில், மரு உள்ள ஒருவர் பிடித்த கத்தியை மற்றவர் பிடிக்கிறார். ஒரே மரக்கட்டையில் இருவர் வெட்டுகின்றனர். ஒரே துண்டில் நால்வர் கை துடைக்கின்றனர். உறையில்லாத இவ்வைரஸ் உலர்ந்தாலும் எளிதில் அழிவதில்லை. கருவியின் கைப்பிடியிலும் துணியிலும் தங்கியிருக்க வல்லது. இவ்வாறே ஒரு கடையில் ஒருவருக்கு வந்த மரு அக்கடையில் உள்ள பலருக்கும் வருகிறது.

வேறு வகைகளை விட்டு 7-ஆம் வகை இத்தொழிலில் மட்டும் ஏன் மிகுதியாக வளர்கிறது என்பதற்கு, இறைச்சியில் உள்ள ஏதேனும் ஒரு பொருள் அதன் வளர்ச்சிக்குத் துணைசெய்யலாம் என்னும் கருத்து முன்வைக்கப்பட்டுள்ளது. காரணம் எதுவாயினும், நமக்கு வேண்டிய படிப்பினை தெளிவானது. இந்த மரு ஒருவருடைய ஒழுக்கத்தையோ பரம்பரையையோ காட்டுவதன்று. உழைப்பின் சூழ்நிலையைக் காட்டுவது. சூழ்நிலையால் வருவதைச் சூழ்நிலையை மாற்றித் தடுக்கலாம்.

பெயரால் விளையும் ஐயம்

எச்.பி.வி. என்னும் பெயரைப் பற்றி இங்கு வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டியுள்ளது. பெண்களுக்கு வரும் கருப்பை வாய்ப் புற்றுநோய் தொடர்பாக இப்பெயர் இன்று பரவலாகப் பேசப்படுகிறது. மருத்துவர் சீட்டில் இப்பெயரைக் கண்டு, கையில் மரு உள்ள இளைஞர் ஒருவரைத் தவறாக எண்ணும் நிலை வந்துவிடக் கூடாது. கருப்பை வாய்ப் புற்றுநோயில் சுமார் 70 விழுக்காட்டுக்குக் காரணமாவன 16, 18 ஆகிய வகைகள். கைமருவை உண்டாக்கும் 2, 4, 7 போன்ற வகைகள் வேறு. ஒரே குடும்பப் பெயரைக் கொண்ட இருவர் வெவ்வேறு ஊர்களில் வெவ்வேறு வேலை செய்வது போன்றது இது. கைமரு, கை வழியாகவும் கருவி வழியாகவும் வந்தது. அதற்கு மேல் அதற்கு வேறு பொருள் கற்பிப்பது பாவமான ஐயமாகும்.

புற்றுநோய்க்கு எதிராகப் பெண் பிள்ளைகளுக்குப் போடப்படும் எச்.பி.வி. தடுப்பூசி மிகவும் பயனுள்ளது. அதைப் பற்றிப் பெற்றோர் மருத்துவரிடம் கேட்டறிதல் நன்று. ஆனால் அது 7-ஆம் வகைக்கு எதிராக ஆக்கப்பட்டதன்று. எனவே கைமருவுக்கு அத்தடுப்பூசியை நம்பியிருத்தல் இயலாது.

மறைப்பதனால் வரும் கேடு

நம் குழுவினர் கடைகளுக்குச் சென்று உரையாடியபோது கண்ட உண்மை ஒன்று உண்டு. மரு உள்ளவர்களில் பலர் அதை எவரிடமும் காட்டுவதில்லை. முஸாஃபஹா செய்யக் கை நீட்டத் தயங்கி, தொழுகை முடிந்தவுடன் விரைந்து வெளியேறுவோர் இருக்கிறார்கள். பெண் பார்க்கச் செல்லும் நாளில் விரலுக்குத் துணி சுற்றிக்கொள்வோர் இருக்கிறார்கள். வாடிக்கையாளர் கண்ணில் பட்டால் வியாபாரம் கெடும் என்று அஞ்சி முதலாளிக்கும் தெரியாமல் மறைப்போர் இருக்கிறார்கள். 2011-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு விதிமுறைகள், உணவைக் கையாள்வோருக்கு ஆண்டுக்கு ஒருமுறை மருத்துவப் பரிசோதனை வேண்டும் என்கின்றன. நோயைக் கண்டறிந்து குணப்படுத்துவதற்காக ஏற்பட்ட அவ்விதியையே, வேலையிலிருந்து நீக்கிவிடுவார்களோ என்று அஞ்சும் காரணமாக நம்மவர் சிலர் கொண்டுவிட்டனர்.

மறைத்தவர் என்ன செய்கிறார்? தாமே வைத்தியராகிறார். சுண்ணாம்பையும் சலவைச் சோடாவையும் குழைத்து வைக்கிறார். ஊதுபத்தியால் சுடுகிறார். கழிவறைக்கு வாங்கிய ஆசிட்டைத் தொட்டு வைக்கிறார். குதிரை வால் முடியால் இறுகக் கட்டுகிறார். தொழில் செய்யும் கத்தியாலேயே சீவி எறிகிறார். இவற்றால் நல்ல தோலும் வெந்து புண்ணாகிறது. புண் சீழ் பிடிக்கிறது. விரல் மடங்காத தழும்பு உண்டாகிறது. மருவைச் சீவும்போது வரும் இரத்தத்துடன் வைரஸும் சுற்றியுள்ள கீறல்களில் பரவி, ஒன்று இருந்த இடத்தில் பத்து முளைக்கின்றன. நீரிழிவு உள்ளவர் இவ்வாறு செய்தால் விரலையே இழக்கும் நிலை வரலாம்.

உப்பும் மிளகும் கொண்டுபோய்க் கொட்டினால் மரு உதிரும் என்னும் நம்பிக்கை நம் நாட்டில் எல்லாச் சமயத்தாரிடமும் உண்டு. அவ்வாறு செய்த பலருக்கு மரு உதிர்ந்ததும் உண்மையே. காரணம் மிளகு அன்று. உடலின் எதிர்ப்புச் சக்தி அவ்வைரஸை அடையாளம் கண்டுகொண்டதும் மரு தானாகவே உதிர்ந்துவிடும். இறைவன் உடலுக்குள் வைத்த காவல் அது. பிள்ளைகளின் மருக்களில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கு, எந்தச் சிகிச்சையும் இல்லாமலே இரண்டு ஆண்டுகளுக்குள் மறைந்துவிடுவதாகக் கணக்கிடப்பட்டுள்ளது. பெரியவர்களுக்குக் காலம் கூடுதலாகும். நாள்தோறும் ஈரத்திலும் கீறலிலும் உழைப்போருக்குப் புதிய தொற்று ஏற்பட்டுக்கொண்டே இருப்பதால், தானாக மறையும் என்று காத்திருப்பது பயன் தருவதில்லை.

மரு போல் தோன்றும் பிற நோய்கள்

மறைப்பதனால் வரும் பெருங்கேடு இன்னொன்று உண்டு. கையில் தடித்திருப்பதெல்லாம் மருவாகிவிடாது. இறைச்சித் தொழிலில் உள்ளோர் மூன்று நோய்களை மருவிலிருந்து பிரித்தறிதல் மிக அவசியம்.

முதலாவது, தோலில் வரும் காசநோய். காசநோய் நுரையீரலில் மட்டுமே வரும் என்பது பலருடைய எண்ணம். கீறல் வழியே காசநோய்க் கிருமி தோலில் புகுந்தால், அவ்விடத்தில் மருவைப் போலவே சொரசொரப்பான தடிப்பு உண்டாகி, மாதக்கணக்கில் மெல்ல விரிந்துகொண்டே போகும். பெரும்பாலும் வலி இருக்காது. பிணப் பரிசோதனை செய்யும் மருத்துவர்களுக்கும் கசாப்புத் தொழிலாளருக்கும் இது வருவதை முன்னோர் கண்டிருக்கின்றனர். 1816-ஆம் ஆண்டில் ஸ்டெதாஸ்கோப்பைக் கண்டுபிடித்த பிரெஞ்சு மருத்துவர் லேனெக், காசநோய் பீடித்த முதுகெலும்பை அறுத்தபோது விரலில் ஏற்பட்ட காயத்தில் இத்தகைய தடிப்பு தமக்கே வந்ததை எழுதி வைத்திருக்கிறார். இதை மரு என்று எண்ணி ஆண்டுக்கணக்கில் ஆசிட் வைத்துக்கொண்டிருந்தால் குணமாகாது. காசநோய் மருந்துகளை உரிய மாதங்கள் உட்கொண்டால் முழுமையாகக் குணமாகும். அம்மருந்துகள் அரசு மருத்துவமனைகளில் இலவசமாகவே கிடைக்கின்றன.

இரண்டாவது, ஆர்ஃப் எனப்படும் நோய். இது உண்மையாகவே ஆட்டிலிருந்து வருவது. இளங்குட்டிகளின் உதட்டைச் சுற்றிப் புண்ணும் பொருக்குமாகக் காணப்படும் வைரஸ் நோய் இது. அத்தகைய ஆட்டின் வாயைக் கீறல் உள்ள கையால் பிடித்தவருக்கு, ஏறத்தாழ ஒரு வாரத்தில் விரலில் சிவந்த கட்டி எழும்பி, நீர் கோத்துப் பின் பொருக்குத் தட்டும். குர்பானிப் பெருநாளுக்குப் பின்னர் இந்நோய் மிகுவதைத் துருக்கி மருத்துவர்கள் 2005-ஆம் ஆண்டில் எழுதியுள்ளனர். பார்ப்பதற்கு அச்சமூட்டினாலும் இது பெரும்பாலும் ஆறு வாரங்களில் தானே ஆறிவிடும். கத்தியால் அறுத்துவிடுவதுதான் கேடு. பெருநாளன்று மட்டும் கத்தி எடுக்கும் வீட்டுக்காரர்களும் இதை நினைவில் வைக்க வேண்டும்.

மூன்றாவது, அடைப்பான் எனப்படும் ஆந்த்ராக்ஸ். இது அரிது, ஆனால் கொடியது. வலியற்ற கொப்புளம் சில நாட்களில் நடுவில் கருநிறப் பொருக்காக மாறி, சுற்றிலும் வீங்கிவிட்டால், அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். உரிய காலத்தில் மருந்து கொடுத்தால் குணமாகும். நோயுற்றுத் திடீரென இறந்த கால்நடையை எக்காரணம் கொண்டும் அறுக்கவோ தோல் உரிக்கவோ கூடாது.

இவையன்றி, நாற்பது வயதுக்கு மேல் புதிதாகத் தோன்றி விரைவாக வளரும் தடிப்பு, காரணமின்றி இரத்தம் கசியும் தடிப்பு, நகத்தடியில் ஆண்டுக்கணக்கில் ஆறாத தடிப்பு ஆகியவற்றை மருத்துவரிடம் காட்டிச் சதைப் பரிசோதனை செய்துகொள்வது பாதுகாப்பானது.

சிகிச்சை

மருவுக்கு ஒரே நாளில் தீர்க்கும் மந்திர மருந்து இல்லை. பொறுமையே பாதி மருந்து. எளிதானதும் செலவு குறைந்ததும் சாலிசிலிக் அமிலம் கலந்த மருந்து. மருவை ஐந்து நிமிடம் வெந்நீரில் ஊறவைத்து, செத்த தோலை மெல்லத் தேய்த்தெடுத்து, மருவின் மேல் மட்டும் மருந்தைத் தடவ வேண்டும். தேய்க்கும் பொருளை மற்றவர் பயன்படுத்தலாகாது. இரவில், வேலை முடிந்து கை உலர்ந்த பின் இதைச் செய்தல் நன்று. 12 வாரங்கள் வரை விடாமல் செய்ய வேண்டும். பத்து நாளில் கைவிடுவதே பலருக்குக் குணமாகாமைக்குக் காரணம். முகத்திலும் மறைவிடங்களிலும் இம்மருந்தைப் போடக் கூடாது. நீரிழிவு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது.

அதற்கும் அடங்காவிட்டால், தோல் மருத்துவர்கள் பூஜ்யத்துக்குக் கீழே 196 பாகை குளிர்ச்சியுள்ள திரவ நைட்ரஜனைக் கொண்டு மருவை உறையச் செய்வர். இரண்டு மூன்று வாரங்களுக்கு ஒருமுறையாகப் பல தடவை செய்ய வேண்டியிருக்கும். மின்சாரத்தால் சுட்டு அகற்றும் முறையும் உண்டு. எம்முறையில் அகற்றினாலும் சுற்றியுள்ள தோலில் வைரஸ் எஞ்சியிருக்கலாம். ஆதலால் மீண்டும் வருவதுண்டு. மீண்டும் வந்தால் மருத்துவர் ஏமாற்றிவிட்டார் என்று எண்ணாமல் மீண்டும் சென்று காட்டுதல் வேண்டும்.

கடைகளில் செய்ய வேண்டியவை

சிகிச்சை ஒருவருக்கானது, தடுப்பு அனைவருக்குமானது. கடை முதலாளிகளாகிய நம் சகோதரர்கள் பின்வருவனவற்றைக் கருத்தில் கொள்ளுமாறு வேண்டுகிறோம்.

ஒவ்வொருவருக்கும் தனிக் கத்தி வேண்டும். ஒருவர் கத்தியை மற்றவர் எடுக்கும் பழக்கம் நிற்க வேண்டும். இயலாதபோது, கைப்பிடி உட்படச் சோப்பும் வெந்நீரும் கொண்டு தேய்த்துக் கழுவிய பின்னரே கைமாற்ற வேண்டும்.

கத்தி பிடிக்காத கைக்கு எஃகு வளையங்களால் பின்னிய உறை கிடைக்கிறது. அது வெட்டுக் காயத்தைப் பெரிதும் தடுக்கும். ஈரத்தைத் தடுக்க ரப்பர் உறை வேண்டும். உறைக்குள் வியர்வை ஊறினால் அதுவும் கேடே. ஆகவே இடையிடையே கழற்றிக் கையை உலர்த்தி மாற்றிக்கொள்ள வேண்டும்.

பொதுத் துண்டு கூடாது. ஆளுக்கொரு துண்டு, அதுவும் நாள்தோறும் துவைத்துக் காய்ந்தது.

கீறல் பட்டவுடன் கழுவி, நீர் புகாத பிளாஸ்திரி ஒட்ட வேண்டும். மரு உள்ளவரும் வேலை நேரத்தில் அவ்வாறே மூடிக்கொண்டு வேலை செய்யலாம். மருவுக்காக ஒருவரை வேலையிலிருந்து நீக்கத் தேவையே இல்லை. நீக்கினால், அடுத்தவர் தம் மருவை மறைப்பார். மறைத்த மரு கடை முழுவதும் பரவும்.

கொரோனாக் காலத்தில் பழகிய சானிடைசரை இதற்கு நம்பக் கூடாது. ஆல்கஹாலுக்கு இவ்வைரஸ் எளிதில் அடங்குவதில்லை. சோப்பு போட்டுத் தேய்த்துக் கழுவுவதே கைக்கு நல்லது. மரக்கட்டையையும் மேசையையும் மாலையில் கழுவிய பின் பிளீச்சிங் கரைசல் ஊற்றி, சற்று நேரம் விட்டு, நல்ல நீரால் அலச வேண்டும்.

இறந்த விலங்குகளின் உடலைக் கையாளும் வேலையில் வரும் தொற்றுநோய்களைத் தொழில்சார் நோய்களாக 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம் தன் மூன்றாம் அட்டவணையில் சேர்த்தது. மரு அங்குப் பெயர் சொல்லிக் குறிக்கப்படவில்லை. ஆயினும் இத்தொழிலில் உள்ளோரின் உடல்நலம் முதலாளியின் பொறுப்பிலும் அடங்கியது என்னும் கருத்து நூறாண்டுப் பழமையுடையது என்பதை நாம் மறக்கலாகாது.

பள்ளிவாசலிலும் இல்லத்திலும்

ஒளூச் செய்யும் ஹவுளுக்கு அருகில் தொங்கும் பொதுத் துண்டை எடுத்துவிடுமாறு நிர்வாகத்தினரைக் கேட்டுக்கொள்கிறோம். மரு உள்ளவர் ஒளூச் செய்வதற்கு எத்தடையும் இல்லை. மருவின் மேல் நீர் படுவதால் தீங்கு இல்லை. பிளாஸ்திரி வேலை நேரத்துக்கு உரியது; ஒளூவின்போது அதைக் கழற்றிவிட்டுக் கழுவி, உலர்த்திப் பின் புதியதை ஒட்டிக்கொள்ளலாம். ஆறாத புண்ணுக்குக் கட்டுப் போட்டவர்கள் ஆலிம்களிடம் கேட்டு அதன்படி நடந்துகொள்வார்களாக.

முஸாஃபஹாவை நிறுத்தத் தேவையில்லை. கீறலற்ற உலர்ந்த கையோடு கை சேர்ப்பதால் மரு தொற்றும் வாய்ப்பு மிகக் குறைவு. கை கொடுக்க வரும் சகோதரரின் விரலில் மருவைக் கண்டு நாம் கையை இழுத்துக்கொண்டால், அவர் உள்ளத்தில் ஏற்படும் காயத்துக்கு மருந்து இல்லை. நம் வீட்டு வலீமாவுக்கும் குர்பானிக்கும் கறி வெட்டித் தந்த கை அது.

வீட்டில் தாய்மார்கள் கவனிக்க வேண்டியது, பிள்ளைகள் நகம் கடிக்கும் பழக்கத்தை நிறுத்துவது. விரலில் மரு உள்ள பிள்ளை நகத்தைக் கடித்தால் நகத்தைச் சுற்றியும் உதட்டிலும் மரு பரவும். ஒரே சவரக் கத்தியை இருவர் பயன்படுத்துவதும் முகத்தில் மரு பரவ வழிவகுக்கும்.

ஜமாஅத்தின் முன் வைக்கும் வேண்டுகோள்

இறுதியாக, மூன்று வேண்டுகோள்களை இப்பொதுக்குழுவின் முன் வைக்கிறோம். ஒன்று, ஆண்டுதோறும் ஹஜ்ஜுப் பெருநாளுக்கு ஒரு மாதம் முன்பாக, தோல் மருத்துவர் ஒருவரை அழைத்து, இறைச்சி, கோழி, மீன் தொழிலில் உள்ள ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனியே கைகளைப் பரிசோதிக்கும் முகாம் நடத்த வேண்டும். இரண்டு, கூலிக்கு வேலை செய்யும் இளைஞர்களுக்குக் கையுறையும் பிளாஸ்திரியும் வாங்கிக் கொடுக்க வசதி படைத்தோர் முன்வர வேண்டும். மூன்று, மருவைக் காரணம் காட்டி எவரும் வேலையை இழக்காதிருக்கக் கடை முதலாளிகள் இம்மன்றத்திலேயே வாக்களிக்க வேண்டும்.

இம்மூன்றில் மூன்றாவதே முதன்மையானது. அது நிறைவேறினால்தான் முதலாவது பயன் தரும். வேலை போகாது என்னும் உறுதி கிடைத்தவரே முகாமுக்கு வந்து கையை நீட்டுவார். நீட்டிய கையை மருத்துவர் பார்த்தால், மரு எது, காசநோய் எது என்று தெரிந்துவிடும். அஞ்சி மூடிய கையைப் பார்க்க எந்த மருத்துவராலும் இயலாது.

நேர்மையாக உழைத்து உண்பவரின் கைகளைப் பாதுகாப்பது நம் அனைவரின் கடமை. அக்கடமையை நிறைவேற்ற வல்ல இறைவன் நமக்குத் துணைபுரிவானாக.